காது எந்த ஊரில் ஓடுகிறது

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிள் வழியாக இணையம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒளியிழைத் தடம் போர்ட் பிளேரோடு நிற்கவில்லை. ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் என்று தீவு தீவாகக் கோத்துக்கொண்டு போகிறது. அதற்கு முன்னால் இங்கே செயற்கைக்கோளை நம்பிய இணையம்தான். ஒரு பாட்டைத் திறந்தால் பல்லவி முடிவதற்குள் நின்றுவிடும். பாட்டு வேண்டுமென்றால் மெமரி கார்டில் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முந்தைய தலைமுறைக்கு, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வருகிற உறவினரின் பெட்டியில் கேசட் வர வேண்டும். கேபிள் வந்தபோது வங்கி, மருத்துவம், கல்வி, சுற்றுலா எல்லாம் மாறும் என்றார்கள். மாறின. அந்தப் பட்டியலில் இடம்பெறாத மாற்றம் ஒன்றும் நடந்தது. விடியற்காலையில் கடலோரச் சாலையில் ஓடுகிறவர்களின் காதுகள், ஓடுகிற நேரம் முழுவதும், தீவைவிட்டு வெளியே போய்விட வழி கிடைத்தது.

காதில் பாட்டோடு ஓடலாமா என்பது உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்வி. மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் போட்டி நடத்துகிறவர்களும் அதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். தீவில் வாழ்கிறவனாக அதை நான் வேறு விதமாகக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். கால் ஓரிடத்தில் ஓடும்போது காது எங்கே இருக்க வேண்டும்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பேச்சில் பழைய பெயரே புழங்குகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இந்த ஊர் இருப்பதோ 92.7 பாகைக்கு அருகில். ஆகவே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து தாண்டினால் இருட்டு. வெயிலுக்கு முன்னால் ஓட வேண்டும் என்றால் ஊர் உறங்கும்போதே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் செல்லுலார் சிறைக்குக் கீழே மெரினா பார்க் சாலையிலும், கார்பின்ஸ் கோவ் நோக்கிக் கடலை ஒட்டி வளைந்து செல்லும் பாதையிலும், விமான ஓடுதளத்தைப் பார்த்திருக்கும் ஜாகர்ஸ் பார்க்கிலும் நடக்கிறவர்களையும் ஓடுகிறவர்களையும் பார்க்கலாம். கடற்படை, ராணுவ ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள், அபெர்தீன் பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், சர்க்கரை நோய்க்காக மருத்துவர் ஓடச் சொன்னவர்கள். அவர்களில் பலரின் காதில் இயர்போன் இருக்கிறது.

*

பாட்டு காலைத் தூக்கிவிடும் என்பதைத் தமிழர்களுக்கு ஆய்வுக்கூடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவடிச்சிந்து பாடியபோது அது மேடைக்காகப் பிறந்ததல்ல. ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போக, உடன் நடந்தவர்களின் வழிநடைக்காகப் பிறந்தது. அந்தச் சிந்தின் சந்தம் தோளில் பாரம் ஏந்தி வெயிலில் நடக்கிறவனின் அடிவைப்பை அறிந்த சந்தம். இன்றும் போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று காவடி வரும்போது இதையே பார்க்கிறோம். மேளம் ஓய்ந்த கணத்தில் களைப்பு தெரிகிறது. மேளம் எழுந்ததும் அதே கால் எழுகிறது. உடம்பில் புதிதாக எந்த வலுவும் வந்து சேர்ந்துவிடவில்லை. வலியைப் பற்றிய கணக்கு மட்டும் மாறியிருக்கிறது.

ஆய்வாளர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுதான். லெனர்ட் ஏர்ஸ் என்ற அமெரிக்கர் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் போட்டியைக் கவனித்து 1911-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேண்டு வாத்தியம் ஒலித்த நேரத்தில் வீரர்கள் மணிக்குச் சுமார் 31.5 கிலோமீட்டர் வேகத்திலும், ஒலிக்காத நேரத்தில் சுமார் 28.8 கிலோமீட்டர் வேகத்திலும் போயிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாஸ் கரகியோர்கிஸ் இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார். மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்யும்போது பாட்டு நம் சிரமத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்பது அவர் ஆய்வுகளின் சாரம். காலடியும் தாளமும் ஒத்துப்போனால் பலன் இன்னும் கூடுகிறது. எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்ஹாம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனையை முறியடித்தபோது, தன் காலடிக்கு ஒத்துவரும் ‘ஸ்கேட்மேன்’ என்ற பாட்டை ஒலிபெருக்கியில் போட வைத்திருந்தார்.

இவற்றை நான் சிறிய நன்மைகளாக நினைக்கவில்லை. ஓட்டம் என்பது முதல் சில மாதங்களில் வெறும் துன்பம். அந்தத் துன்பத்தைத் தாண்டினால்தான் அது பழக்கமாகிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பயந்து ஐம்பது வயதில் ஷூ வாங்குகிற ஒருவருக்கு, அந்த மாதங்களைக் கடக்க ஒரு பாட்டு உதவுமென்றால் அந்தப் பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஓடவே மாட்டேன் என்பவரை ஓட வைக்கும் எதையும் எளிதாக மறுத்துவிடக் கூடாது.

*

ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. வேகம் கூடி, மூச்சு முட்டும் எல்லையை உடல் தொட்டுவிட்டால், பாட்டால் சிரமத்தை மறைக்க முடிவதில்லை. உள்ளிருந்து வரும் சத்தம் வெளிச்சத்தத்தை வென்றுவிடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே, பாட்டு மறைப்பது எதை என்பதுதான் என் கவலை.

1977-ல் வில்லியம் மோர்கன், மைக்கேல் போலக் என்ற இருவர் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் ஓடும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க மனத்தை வேறெங்கோ அனுப்பினார்கள். வீடு கட்டினார்கள், பழைய வகுப்பறைகளுக்குப் போனார்கள், மனதுக்குள் பாடினார்கள். முதல் வரிசை வீரர்கள் நேர்மாறாக, மூச்சையும் கெண்டைக்காலையும் தோளின் இறுக்கத்தையும் விடாமல் கவனித்துக்கொண்டே ஓடினார்கள். அவர்களுக்கு உடலே பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் அதற்குக் காது கொடுத்தார்கள்.

அந்தமானின் தட்பவெப்பத்தில் இந்த வேறுபாடு வெறும் உத்தி சார்ந்ததல்ல. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வடிந்துகொண்டே இருக்கும், உலராது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இந்தத் தீவுகளில், மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் காலையில் ஓடிப் பாருங்கள். சட்டை பிழிய வேண்டிய அளவுக்கு நனைந்திருக்கும், உடல் கொதித்துக்கொண்டிருக்கும். வெப்பம் தாக்கத் தொடங்கும்போது உடல் சில அடையாளங்களைத் தருகிறது. தலை லேசாகிறது, மயிர்க்கூச்செறிகிறது, காலடி தடுமாறுகிறது, குமட்டுகிறது. இவையெல்லாம் முதலில் மெலிதாகத்தான் வரும். பத்தில் ஒரு பங்கு சிரமத்தை மறைக்கும் பாட்டு, மறைப்பதற்கு இவற்றையும் தேர்ந்தெடுத்துவிடலாம். எதை மறைக்கலாம் எதை மறைக்கக் கூடாது என்று பாட்டுக்குத் தெரியாது.

தாளத்தின் வலிமைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் இந்தத் தீவுகளில் ஒரு கூட்டம் தமிழர்கள் நினைவில் சுமந்து வந்திருக்கிறார்கள். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய இலங்கைத் தோட்டத் தமிழரில் சில குடும்பங்கள் 1970-களில் நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய பாட்டன் பாட்டி வாழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலை தப்பு முழங்கும். அந்த ஒலி கேட்டால் பனியானாலும் காய்ச்சலானாலும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே ஆள் எண்ணி, மலைக்கு அனுப்புவார்கள். காவடிக்கு எழுந்த கால் தானாக எழுந்தது. தப்புக்கு எழுந்த கால் எழுப்பப்பட்டது. இரண்டையும் எழுப்பியது தோற்கருவிதான். தாளம் யாருடைய விருப்பத்துக்காக ஒலிக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நேற்று இரவு ஏதோ ஒரு செயலி தொகுத்துக் கொடுத்த பாட்டு வரிசையின் வேகத்துக்கு, இன்று தூக்கம் குறைந்த உடம்பை ஒப்புக்கொடுத்து ஓடுகிறவர், அந்த வேகம் யார் விதித்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். முழங்காலும் குதிகாலும் அந்தக் கேள்வியைப் பிறகு வேறு விதமாகக் கேட்கும்.

*

காவடியின் மேளத்துக்கும் இன்றைய இயர்போனுக்கும் நடுவே நடந்தது என்ன என்று யோசித்தால், நான் வந்து நிற்பது 1979 ஜூலை 1-ல். அன்றுதான் சோனி நிறுவனத்தின் முதல் வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் கருவியில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்கலாம். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியும். பக்கத்தில் ஆள் இருக்கையில் தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா கருதியதே அதற்குக் காரணம். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. தேவையில்லை என்று வாங்கியவர்களே காட்டிவிட்டார்கள்.

மனித வரலாற்றின் பெரும்பகுதியில், பாட்டோடு நகர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டபடி நகர்ந்தார்கள். ஏற்றம் இறைத்தவர், நடவு நட்டவர், படகு வலித்தவர், காவடி எடுத்தவர் எல்லோருக்கும் பாட்டு காற்றில் இருந்தது. அது மாட்டு மணியையும் குழந்தையின் அழுகையையும் இடியோசையையும் தடுக்கவில்லை. பாடிக்கொண்டே கேட்கவும் முடிந்தது. பாட்டு காதின் துளைக்குள் இறங்கி அதை அடைத்துக்கொண்டது சென்ற நாற்பத்தைந்து ஆண்டுக் கதை. ஆகவே ஓட்டத்தில் இசை நல்லதா கெட்டதா என்று கேட்பதில் ஒரு தவறு இருக்கிறது. இசை பழையது, அடைப்பு புதியது. நம் ஆபத்துகளில் பெரும்பாலானவை அடைப்பிலிருந்து வருகின்றன.

அந்த ஆபத்துகளை எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலண்ட் பல்கலைக்கழக மருத்துவர் ரிச்சர்ட் லிக்கென்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்த நிலையில் வாகனம் மோதிய பாதசாரிகளின் செய்திகளைத் திரட்டினார்கள். 116 சம்பவங்கள். அவற்றில் பத்தில் ஏழு உயிரிழப்பில் முடிந்தவை. பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதியது ரயில். நூற்றுக்கு இருபத்தொன்பது சம்பவங்களில், மோதுவதற்கு முன் ஹாரன் ஒலிக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. ஒலி எழுப்பப்பட்டது, சென்று சேரவில்லை. நாளேட்டுச் செய்திகளிலிருந்தும் தரவுத்தளங்களிலிருந்தும் எடுத்த கணக்கு இது. ஹெட்போன்தான் காரணம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஹில்டன் ஹெட் என்ற தீவின் கடற்கரையில், 2010 மார்ச்சில், பாட்டுக் கேட்டபடி ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பின்னாலிருந்து வந்து அவசரமாகத் தரையிறங்கிய சிறு விமானம் மோதி இறந்தார். உலகமே இயர்போனைக் குறை சொன்னது. ஆனால் அந்த விமானத்தின் முன்விசிறி நடுவானில் கழன்று, அது சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. திறந்த காதுக்கும் அது கேட்டிருக்குமா என்பது சந்தேகம். இறந்தவர்மீது பழி போடும் அவசரம் நமக்கு வேண்டாம்.

ரயில் இல்லாத தீவில் அமெரிக்கக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். சாலைகள் குறுகியவை. குன்றைச் சுற்றிப் போகும் வளைவில் எதிரே வருவது கடைசி நொடிவரை தெரியாது. அதனால் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பது மலைச்சாலையில் ஓட்டுகிறவர்களின் எழுதப்படாத ஒப்பந்தம். கண்ணுக்கு எட்டாததைக் காது வழியாகத் தெரிவித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஜீப் ஓட்டுகிறவர் ஹாரன் அடித்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று நம்பி வளைவில் திரும்புகிறார். அந்த நம்பிக்கையின் மறுமுனையில் காதை அடைத்த ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் அவர் பக்கத்தில் முறிந்துவிட்டது. போதாததற்கு இப்போது இந்த ஊர்ச் சாலைகளில் மின்பேருந்துகள் ஓடுகின்றன. புகையில்லை, நல்லது. சத்தமும் குறைவு. மின்வாகனங்கள் மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய வகை வாகனங்களுக்கு விதி செய்திருக்கிறது. வண்டிகள் அமைதியாகிக்கொண்டு வரும் காலத்தில் காதுகள் இன்னும் கூர்மையாக வேண்டும். நாம் எதிர்த்திசையில் போகிறோம்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலைத் தெரு அவற்றுடையது. பின்னால் வரும் நாயின் நகங்கள் தாரில் உரசும் ஒலியைக் கேட்டால், ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி நின்று, நடக்கத் தொடங்க நேரம் கிடைக்கிறது. கேட்காவிட்டால் கெண்டைக்காலில் பல் பட்ட பிறகுதான் தெரியும்.

பெண்கள் ஓடும்போது இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. எனக்குத் தெரிந்த பெண்கள் சிலர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டே போடாமல் ஓடுகிறார்கள். இயர்போன் தெரிந்தால் வழியில் பேச்சுக் கொடுக்க வருகிறவர்கள் தயங்குவார்கள். பாட்டு இல்லாவிட்டால் பின்னால் வரும் பைக் வேகம் குறைவது கேட்கும். ஒரே கருவியால் கதவைச் சாத்தவும் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கவும் வேண்டிய நிலை அவர்களுடையது. ‘காதைத் திறந்து வைத்து ஓடுங்கள்’ என்று அவர்களுக்கு உபதேசிப்பது எளிது. அவர்கள் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டு ஓடக்கூடிய தெருவை உண்டாக்கும் கடமை மற்றவர்களுடையது.

காதுக்கே நேரும் சேதம் மெதுவானது, அதனால் மறக்கப்படுவது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. தொழிற்கூடங்களுக்கு வகுத்த கணக்கில் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். கடற்காற்றும் லாரிச் சத்தமும் பாட்டை விழுங்கும் சாலையில் ஓடுகிறவர் தன்னையறியாமல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். இதோடு இந்த ஊரின் ஈரமும் சேர்கிறது. வியர்த்த காதை அடைத்து வைத்தால் உள்ளே பூஞ்சை வளரும். ஈரக்காற்றுள்ள வெப்பப் பிரதேசங்களில் இந்த நோய் அதிகம்.

*

இதுவரை சொன்னது பெரும்பாலும் எந்தக் கடலோர ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது இந்தத் தீவுகளுக்கே உரியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28-க்கு சுமாத்ரா அருகே நிலம் நடுங்கியது. போர்ட் பிளேரில் அப்போது நன்றாக விடிந்திருந்தது, நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் வெளியே இருக்கும் நேரம். நிகோபாரின் சில இடங்களில் நிமிடக் கணக்கில் கடல் ஏறி வந்தது. கார் நிகோபாரிலும் கச்சாலிலும் ஊர்களே போயின. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தெற்கு அந்தமானில் சிப்பிகாட்டின் வயல்கள் அமிழ்ந்தன. நெல் விளைந்த இடத்தில் இன்றும் உப்புநீர் நிற்கிறது. வண்டூர் பக்கம் போகிறவர்கள் அந்த நீரைப் பார்த்தபடிதான் போகிறார்கள். அன்று லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் இருந்த ஓங்கே மக்கள், நிலம் நடுங்கியதும் கடலின் போக்கைக் கண்டு மேட்டுக்கு ஏறித் தப்பினார்கள். அவர்களிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. தலைமுறைகளாக நிலத்துக்கும் கடலுக்கும் கவனம் கொடுத்துப் பழகிய புலன்கள் இருந்தன. 2007-ல் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. இப்போது அபாய அறிவிப்பு கைப்பேசிக்கே வருகிறது. 2023-ல் நாடு முழுவதும் கைப்பேசிகள் பெருஞ்சத்தத்தோடு அலறிய சோதனை பலருக்கும் நினைவிருக்கும். காதை அடைக்கும் கருவியே ஒருநாள் காப்பாற்றும் கருவியாகவும் ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலநடுக்கத்தின் மையம் அருகே இருந்தால், அறிவிப்பு வந்து சேரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதே சுனாமி பற்றிய முதல் பாடம். அந்த இடைவெளியில் நமக்கு இருப்பது நம் புலன்கள் மட்டுமே.

அபாயத்தை மட்டும் வைத்துக் காதைத் திறக்கச் சொன்னால் அது பயமுறுத்தலாகிவிடும். இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். அந்தமானின் சுண்ணாம்புக் குகைகளில் உழவாரக் குருவிகள் வாழ்கின்றன. எச்சிலால் கூடு கட்டும் இனம். அந்தக் கூடுகள் திருடப்பட்டதால் அழிவின் விளிம்புக்குப் போய், பாதுகாப்பு முயற்சியால் மீண்டுவருகிறது. குகையின் முழு இருட்டில் அது சொடுக்கொலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. தன் இடம் எது என்பதைக் காதால் அறியும் உயிர். மனிதக் காதுக்கு அந்தக் கூர்மை இல்லை. ஆனாலும் ஓரிடத்தை நம்முடைய இடமாக்கிக்கொள்வதில் கண்ணைவிடக் காதுக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். கார்பின்ஸ் கோவ் பாதையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கடலின் ஓசை மாறுகிறது. பாறையில் மோதும்போது ஒன்று, மணலில் விரியும்போது ஒன்று. வெண்வயிற்றுக் கடற்கழுகின் கனைப்பு, அந்தமான் செம்போத்தின் ஆழ்ந்த குரல், தகரக் கூரைமேல் நடந்து வரும் மழை, ஜெட்டியிலிருந்து கிளம்பும் கப்பலின் சங்கு, பள்ளிவாசலின் பாங்கு, கோயில் மணி, வங்காளத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்தியிலும் தமிழிலும் ஒரே டீக்கடை வாசலில் எழும் பேச்சு. இவற்றைக் கேட்காமல் பல ஆண்டுகள் இந்தச் சாலையில் ஓடிய ஒருவர் இந்தத் தீவில் வாழ்ந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கேதான் தமிழர்களாகிய நம்மைப் பற்றிக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். ஊர்ப்பாட்டு அவர்களுக்கு வேர். விடியலில் கடலோரம் ஓடும்போது காதில் மதுரைப் பக்கத்து நாதசுரமோ இளையராஜாவோ ஒலித்தால், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடலைப் பாட்டு கணத்தில் கடந்துவிடுகிறது. அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பிரிவின் பாரத்தைப் பாட்டு சுமப்பது காவடியின் பாரத்தைச் சுமப்பதைவிடச் சிறிய வேலை அல்ல. ஆனால் காது எப்போதும் கரைக்கு அப்பாலேயே குடியிருந்தால் கால் மிதிக்கும் மண் வாடகை மண்ணாகவே இருந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்தப் பறவை எந்தக் குரலில் கூவும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

*

அப்படியானால் என்ன செய்வது? தடை ஒரு வழி. உலக தடகளச் சங்கத்தின் விதிகள் போட்டிக்களத்தில் ரேடியோ, கைப்பேசி போன்றவற்றை வைத்திருப்பதை வெளியுதவியாகக் கருதி விலக்குகின்றன. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007-ல் சாலை ஓட்டங்களில் ஹெட்போனை முழுவதும் தடைசெய்தது. கடைப்பிடிக்க முடியாமல் மறு ஆண்டே பரிசுக்காக ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. பொழுதுபோக்காக ஓடும் ஆயிரக்கணக்கானோரின் காதுகளைச் சோதிக்க எந்தக் காவலாலும் ஆகாது. தொழில்நுட்பம் இன்னொரு வழி. காதுத்துளையை அடைக்காமல் கன்னத்தெலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவிகள் வந்திருக்கின்றன. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் இயர்போன்களும் உண்டு. ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொள்ளும் பழைய முறையும் இருக்கிறது. இவை உதவும், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் துளை திறந்திருப்பதால் மட்டும் காது திறந்துவிடாது. கண் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும்போது மூளை ஒலியைப் பதிவு செய்வதே குறைந்துபோவதை லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். கேட்பது கவனத்தின் வேலை.

என் முடிவு இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. வண்டி வராத ஓடுகளத்திலும் பூங்காவின் வட்டப்பாதையிலும் பாட்டுக் கேட்டு ஓடுங்கள். பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்கு ஒலி இருக்கட்டும். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள், துக்கத்தில் இருக்கிறவர்கள், ஓடவே பிடிக்காத நாளில் ஓடுகிறவர்கள் பாட்டைத் துணைக்கு அழைக்கத் தயங்க வேண்டாம். மலைவளைவுகளிலும் வாகனச் சாலையிலும் இருட்டிலும் காட்டு விளிம்பிலும் கடல் எட்டும் தாழ்நிலத்திலும் காதைத் திறந்து ஓடுங்கள். புழுக்கம் கூடிய காலைகளில் உடம்பு சொல்வதைக் கேட்டு ஓடுங்கள். ஓட்டம் பழகிவிட்டால் பாட்டில்லாத நாட்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். அப்போது உங்கள் காலடியும் மூச்சும் சேர்ந்து ஒரு தாளத்துக்கு வந்து சேர்வதைக் கேட்பீர்கள். வேறொருவர் விதிக்காத தாளம் அது.

ஊருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மெரினா பார்க் சாலையை ஞாயிறு விடியலில் இரண்டு மணி நேரம் வண்டிகளுக்கு மூடலாம். பங்குனி உத்திரத்துக்கு வழிவிடத் தெரிந்த ஊருக்கு இது கடினமானதல்ல. அந்த இரண்டு மணி நேரத்தில் பறையும் மேளமும் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் சாலையோரம் நிற்கட்டும். நிகோபாரிகளும் வங்காளிகளும் ராஞ்சியிலிருந்து வந்தவர்களும் தங்கள் வாத்தியங்களோடு வரட்டும். ஓடுகிற எல்லோருக்கும் ஒரே பாட்டு, திறந்த வெளியில், கடலோசையோடு சேர்ந்து கேட்கும். பெண்கள் பயமின்றி ஓடுவார்கள், பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வருவார்கள். பாட்டு காலுக்குத் தரும் வலுவை இழக்காமல், காதை அடைத்ததால் இழந்ததைத் திரும்பப் பெற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்குத் தேவை ஓர் அரசாணையும் சில தோல்வாத்தியங்களும் சீக்கிரம் எழுந்துகொள்ளும் மனமும்தான். முதல் இரண்டையும் கேட்டுப் பெறுவோம், மூன்றாவது நம்மிடம் இருக்கிறது.